தலையைத் தூக்கினால் மைனஸ் ஐந்து

நம் மையத்தில் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்று நிறுவனர் கேட்டார். பாடம் எப்படி நடத்துவது என்று நான் சொல்லப்போவதில்லை. தமிழ், பொது அறிவு, உளவியல் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தீயணைப்போர் எழுத்துத் தேர்வுக்கு ஆள் தயார் செய்யும் வேலைக்கு நான் வந்ததே தற்செயல். நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் இருந்து ஓய்வு பெற்றவன். நடப்பு நிகழ்வுகள் எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். தென்னூரில் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வந்தேன். இப்போது முழங்கால் மாடிப்படிக்கு ஒத்துழைக்காததால் இரண்டாம் முறையாக ஓய்வு பெறுகிறேன்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அன்று நம் மையத்துக்கு நிஜமான தீ ஒன்று வந்தது. நாம் தேறவில்லை.

அப்போது இங்கே தொந்தரவுத் தேர்வு என்று ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நம் மாணவர்கள் பலருக்கு ஒதுக்கப்பட்ட தேர்வுக்கூடம், கல்யாண மண்டபத்தை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடம். அன்று முகூர்த்த நாள். கெட்டிமேளம் கொட்டியபோது நம் பிள்ளைகளில் பாதிப் பேர் சிந்து சமவெளியில் இருந்தார்கள். அங்கிருந்து திரும்பி வரவேயில்லை. அதன் பிறகு மைக்கில் மொய் எழுதியவர்கள் பெயரைப் படித்திருக்கிறார்கள். வெளியே வந்த ஒருவன் என்னிடம், "பொண்ணோட சித்தப்பா பேரு வரைக்கும் தெரியும் சார். விடைதான் ஒண்ணும் தெரியல" என்றான்.

நிறுவனர் எதையும் உடனே செய்துபார்க்கிறவர். அடுத்த மாணவர் தொகுதியிலிருந்து ஞாயிறுதோறும் நடக்கும் மாதிரித் தேர்வில் வேண்டுமென்றே ஏதாவது ஒரு தொந்தரவு நடக்கும் என்று அறிவித்தார். தலையைத் தூக்கிப் பார்த்தால் மைனஸ் ஐந்து. வாயைத் திறந்தாலும் அதே.

முதலில் குக்கர் விசில் மாதிரிச் சின்னச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. பிறகு வளர்ந்தது. பாலக்கரையிலிருந்து பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் கிளாரினெட்டோடு வந்து வரிசைகளுக்கு நடுவே உலாவினார். இன்னொரு வாரம் நாடகக்காரர்கள் இரண்டு பேர் வண்டி நிறுத்தும் இடத்துக்காக வாசலில் சண்டை போட்டார்கள். அது அவ்வளவு நன்றாக இருந்ததால், தெருவில் போன ஆட்டோக்காரர் ஒருவர் சமாதானம் செய்ய மாடியேறி வந்துவிட்டார். ஒரு ஞாயிறு ஆடு வந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. தொந்தரவு வருவதற்கு முன்பே நிறுவனரின் முகம் காட்டிக்கொடுத்துவிடும். சிரிப்பை அடக்கினால் அவருக்கு மூக்கு விடைக்கும். மாணவர்கள் அதைப் பார்த்துத் தயாராகிவிடுவார்கள். எனவே நானும் அவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். யார் வேண்டுமானாலும் ஏற்பாடு செய்யலாம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது. கண்காணிப்பாளர்களுக்கும் வியப்பாக இருக்கட்டும். நல்ல ஏற்பாடு என்றுதான் அப்போது நினைத்தோம்.

இந்த முறையில் மிகவும் அடிபட்டவன் தங்கதுரை. பாலக்கரையில் தாய்மாமனின் பாத்திரக் கடையில் உட்காருபவன். கடை வாசலில் ஒருவருடைய நடை கொஞ்சம் மெதுவானாலே அவன் நிமிர்ந்து பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அப்படியே வளர்ந்துவிட்டான். ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் அவன் பக்கத்தில் யாரும் வர முடியாது. ஆனால் அதெல்லாம் எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு. அதிலேயே இரண்டு முறை போய்விட்டது. மூன்றாவது இது. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவான். "இந்தத் தடவயும் போச்சுன்னா எவர்சில்வர்தான் மாப்ள" என்று மாமா சொல்லியிருந்தார்.

முதல் தொந்தரவுத் தேர்வில் அவன் வாங்கிய மதிப்பெண் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. அப்படி ஒன்று சாத்தியம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"ஏம்ப்பா நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிற?" என்று கேட்டேன்.

"யாருன்னு பார்த்தேன் சார்."

"யாரா இருந்தா உனக்கென்ன?"

"தெரியாம எப்படி சார் இருக்கறது?"

நியாயமான கேள்வி.  நிறுவனரிடம் அதற்குப் பதில் இருந்தது. "மைனஸ் அஞ்சு" என்றார்.

வாரம் போக வாரம் அவன் குனியக் கற்றுக்கொண்டான். கழுத்து நரம்பு புடைக்கும், காது விடைக்கும், தலை மட்டும் எழாது. ஆடு வந்த ஞாயிறு, அது பக்கத்து இருக்கைக்காரனின் கேள்வித்தாளில் ஒரு மூலையைத் தின்றது. தங்கதுரை தன் தாளைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு அடுத்த வினாவுக்குப் போனான். நிறுவனர் என் காதருகே வந்து, "குணமாயிடுச்சு சார்" என்றார்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் நான் சொல்ல வந்தது. நிஜமான எழுத்துத் தேர்வுக்கு முந்தைய கடைசி மாதிரித் தேர்வு.

நம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அப்போது ஒரு பலகாரக் கடை இருந்தது. பின்பக்கம் அடுப்படி. மாடிக்கு இருப்பது ஒரே படிக்கட்டு. அது அடுப்படியை ஒட்டித்தான் ஏறும். படிக்கடியில் காலி அட்டைப் பெட்டிகளும் கேஸ் சிலிண்டர்களும் இருக்கும். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. இந்த விவரங்களை நான் அன்றைக்குப் பிறகுதான் கவனித்தேன்.

தேர்வு பாதி நடந்துகொண்டிருந்தபோது கதவுக்கு அடியில் புகை வந்தது. சாம்பல் நிறம், தரையோடு தரையாக. நான் நிறுவனரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இருவரும் லேசாகத் தலையசைத்துக்கொண்டோம். சாம்பிராணி போட்டிருப்பார் என்று நினைத்தேன். வாசனை சாம்பிராணியாக இல்லை, காய்ந்த எண்ணெயாக இருந்தது. தேர்வுக்குப் பொருத்தமாகச் செய்திருக்கிறார், விவரமானவர்தான் என்று மனதுக்குள் மெச்சினேன். 

அறை முழுவதும் இருமல் கேட்டது. யாரும் நிமிரவில்லை. ஒருவன் குனிந்தபடியே கைக்குட்டையை எடுத்து, குனிந்தபடியே மூக்கில் கட்டிக்கொண்டு, குனிந்தபடியே எழுதினான்.

கதவு திறந்தது. பலகாரக் கடை மாஸ்டர் நின்றார். மடித்துக் கட்டிய லுங்கி, முகமெல்லாம் வேர்வை, கையில் ஜல்லிக்கரண்டி. கரண்டி கொஞ்சம் மிகை என்று எனக்குப் பட்டது.

"ஐயா, எண்ணெய் பத்திக்கிச்சுங்க. பெட்டியெல்லாம் புடிச்சிருச்சு. எல்லாரும் இறங்குங்க."

ஒரு தலையும் எழவில்லை. முதல் வரிசையில் ஒருவன் தாளைப் பார்த்துச் சிரித்தான். இரண்டாவது வரிசையிலிருந்து, "மாஸ்டர் நல்லாப் பண்றாருடா" என்று ஒரு குரல்.

"மைனஸ் அஞ்சு" என்றார் நிறுவனர்.

மாஸ்டர் வரிசைக்குள் இறங்கி ஒருவன் தோளைத் தொட்டார். "தம்பி, நெஜமாவே எரியுது தம்பி."

"சரிங்க மாஸ்டர். நீங்க அடுத்த வரிசைக்குப் போங்க. எனக்கு கணக்கு பாக்கி இருக்கு."

"என்னங்க இது, கூப்பிட்டா யாரும் எந்திரிக்க மாட்டேங்கறாங்க?" மாஸ்டர் நிறுவனரிடம் போனார். "இவங்கெல்லாம் எதுக்குங்க படிக்கிறாங்க?"

"ஃபயர் சர்வீஸுக்கு."

மாஸ்டர் கரண்டியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

நிறுவனர் என்னிடம் வந்து மெதுவாக, "பிரமாதமான ஏற்பாடு சார். ஆனா புகைய கொஞ்சம் கொறைச்சிருக்கலாம்" என்றார்.

"நான் ஒண்ணும் ஏற்பாடு பண்ணலயே. உங்களோடதுன்னுல்ல நெனச்சேன்."

"என்னோடது இல்ல சார். நான் இந்த வாரம் ஒண்ணும் வைக்கல."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு மாஸ்டரைப் பார்த்தோம். "அப்ப இவ்வளவு நேரம் நான் என்ன சொல்லிட்டு இருக்கேன்?" என்றார் மாஸ்டர்.

நிறுவனருக்குக் குரல் பெரிது. "எல்லாரும் எழுந்திருங்கப்பா. இது நெஜம். கீழ தீப்பிடிச்சிருக்கு. மைனஸ் கிடையாது, எழுந்திருங்க."

பேனாக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அவர்கள்மேல் குற்றமில்லை. 'மைனஸ் கிடையாது, நிமிர்ந்து பாருங்கள்' என்ற வாசகத்தை ஆடு வந்த வாரம் நான்தான் சொன்னேன். நம்பி நிமிர்ந்தவர்களுக்கு நிறுவனர் ஐந்து மதிப்பெண் குறைத்தார். இப்போது அவரே ஒருவனின் கையைப் பிடித்து இழுத்தார். அவன் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டு, "மாட்டேன் சார், இந்தத் தடவ ஏமாற மாட்டேன்" என்றான்.

நான் தங்கதுரையிடம் போனேன். யார் நிமிராவிட்டாலும் இவன் நிமிர்வான். ஒருவன் எழுந்தால் மற்றவர்கள் எழுவார்கள். இதுதான் என் கணக்கு.

"தங்கதுரை, கொஞ்சம் கதவுப் பக்கம் பாருப்பா."

"மாட்டேன் சார்."

"நான் சொல்றேன்ல?"

"போன வாரமும் நீங்கதான் சார் சொன்னீங்க."

அவன் கண்ணிலிருந்து புகையால் நீர் வழிந்து விடைத்தாளில் விழுந்தது. அதைக் கையால் துடைத்துவிட்டு வட்டத்தை நிரப்பினான். குணமாகித்தான் இருந்தான்.

கதவருகே புகை இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. இந்த நேரத்தில் என்ன சொன்னால் இவர்கள் எழுவார்கள் என்று யோசித்தேன். நெருப்பு என்றால் நம்ப மாட்டார்கள். பாம்பு, பூகம்பம் எல்லாம் ஏற்கெனவே சொல்லித் தீர்த்தாயிற்று. செய்தி மேசையில் இருந்தவனுக்கு ஒன்று தெரியும். எந்தச் செய்தியை எந்த வாசகர் மறுபேச்சில்லாமல் நம்புவார் என்பது. சத்தம் போடாமல், சலிப்பான குரலில் சொன்னேன்:

"கொஸ்டின் பேப்பர் லீக் ஆயிடுச்சு. வாட்ஸ்அப்ல வந்திருக்கு. எக்ஸாம் கேன்சல். எல்லாரும் கீழ போங்க."

எல்லாப் பேனாக்களும் ஒரே நேரத்தில் நின்றன. எல்லாத் தலைகளும் எழுந்தன. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.

"எனக்கு அப்பவே தெரியும்."

"எந்த ஊர்ல சார் லீக்கு?"

"மறுதேர்வு எப்ப வைப்பாங்க சார்?"

"இவனுங்களுக்கு இதே பொழப்பாப் போச்சு."

நான் முந்தின நாள் மாலை வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்த மாதிரித் தேர்வுக் கேள்வித்தாளை யார், எதற்காகத் திருட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, திருடியவனைத் திட்டிக்கொண்டு, வரிசையாகப் படியிறங்கினார்கள். பாதிப் படியில் முதலில் போனவன் அட்டைப் பெட்டிகளில் தீ நாக்கைக் கண்டு நின்றான். "டேய், நெஜமாவே எரியுதுடா." பின்னாலிருந்து ஒருவன், "அது இருக்கட்டும், நீ போ. லீக் பண்ணது யாருன்னு முதல்ல கேக்கணும்" என்றான். கடைசியாக நிறுவனரும் நானும் இறங்கினோம்.

யாருக்கும் காயமில்லை. வாணலியை மாஸ்டர் மேலே வருவதற்கு முன்பே மூடிவிட்டு, சிலிண்டர்களையும் வெளியே உருட்டிவிட்டார். எரிந்தது பெட்டிகள் மட்டும். தீயணைப்பு வண்டி வந்து அதை அணைத்தது. வண்டியோடு வந்த அதிகாரி, எதிர்ச்சாரியில் கையில் கேள்வித்தாளோடு நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"இவங்கெல்லாம் யாரு?"

 அவர் நிமிர்ந்து, மாடியில் நம் பெயர்ப்பலகையைப் படித்தார். தீயணைப்புத் துறைத் தேர்வுக்குத் தமிழகத்தின் முன்னோடி மையம் என்று அதில் இருந்தது. பக்கத்தில் ஒரு தீப்பிழம்பின் படம்.

ஒருவன் கையிலிருந்த கேள்வித்தாளை வாங்கிப் புரட்டினார். உளவியல் பகுதியில் நின்றார். "ஒரு கட்டடத்தில் புகை வருகிறது. தீயணைப்போர் முதலில் செய்ய வேண்டியது என்ன? இதுக்கு என்னப்பா விடை?"

"இ, சார்" என்றார்கள் ஒரே குரலில்.

"இ-ன்னா?"

"உள்ளே இருப்பவர்களை வெளியேற்றுதல், சார்."

"வெளியேத்துனீங்களா?"

 ஒருவன் நேர்மையாகச் சொன்னான்: "எங்களத்தான் சார் வெளியேத்துனாங்க."

அதிகாரி தாளைத் திருப்பிக் கொடுத்தார். நிறுவனரிடம், "அந்தப் படத்தையாவது அழிச்சிருங்க" என்றார்.

எல்லோரும் கலைந்த பிறகு தங்கதுரை மட்டும் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். டீ ஆறிக்கிடந்தது. எதிரில் உட்கார்ந்தேன்.

"எனக்கு முதல்லயே வாசன வந்துச்சு சார்" என்றான். "எண்ணெய் வாசன. பெட்டி எரியற வாசனயும் வந்துச்சு. பார்க்கணும்னு தோணுச்சு. அஞ்சு மார்க்குன்னு இருந்துட்டேன்."

அவனுக்கு வேறு டீ சொன்னேன்.

"போன மாசமா இருந்தா பார்த்திருப்பேன் சார். ரெண்டு தடவ ஃபெயிலானப்பகூட எனக்கு இப்படி இல்ல. பாஸானா மட்டும் என்ன சார் பண்ணப்போறேன்? மாமா கடையிலயே இருந்துடறேன். அங்க பார்த்தாத்தான் சோறு."

அந்த வாரம் அவன் வகுப்புக்கு வரவில்லை.

இதைப் பற்றி நிறுவனருக்கும் எனக்கும் வாக்குவாதம் நடந்தது. அவர் கட்சி வலுவானது. "நிமிர்ந்தா எழுத்துத் தேர்வுல போயிடுவான். எழுத்துத் தேர்வுல போனா வேலையே இல்ல. வேலைக்குப் போனப்புறம் எவ்வளவு வேணாலும் நிமிர்ந்து பார்க்கட்டும் சார்." வேலைக்குப் போன பிறகு அது திரும்பி வருமா என்று கேட்டேன். "வரும்" என்றார். மூக்கு விடைக்கவில்லை, ஆனால் அவருக்கும் நிச்சயமில்லை என்று தெரிந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. நாம் தேர்வுக்கு ஆள் தயார் செய்கிறோம். தேர்வு வேறு, வேலை வேறு. அது நமக்குத் தெரியும், மாணவனுக்கும் தெரியும். ஆனால் தேர்வுக்காக அவனிடமிருந்து எதையாவது பிடுங்குவதற்கு முன்பு, அது வேலைக்கு வேண்டியதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். ஓடுகிறவனின் காலைக் கட்டி உட்காரவைத்து, ஆடாமல் இருக்கிறான் என்று கைதட்டிவிட்டோம்.

பாலக்கரைக்குப் போனேன். கடை வாசலில் என் நடை மெதுவானதுமே தங்கதுரை நிமிர்ந்தான்.

"இதுதான்" என்றேன். "இதை விட்டுடாத. ஆனா கடையில நீ எவ்வளவு நேரம் பார்க்கிற?"

யோசித்தான். "வாங்கற ஆளா, வேடிக்கை பார்க்கற ஆளான்னு தெரியற வரைக்கும் சார்."

"வேடிக்கை பார்க்கற ஆளுன்னா?"

"குனிஞ்சு வேலையப் பார்ப்பேன்."

"பரீட்சையிலயும் அப்படியே பண்ணு. ஒரு தடவ பாரு. உனக்கு அங்க வேலை இருக்கா இல்லையான்னு முடிவு பண்ணு. இல்லன்னா குனிஞ்சுடு."

"நிறுவனர் சார்?"

"அவர் ஹாலுக்கு வரப்போறதில்ல."

உள்ளே பித்தளை அண்டா ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த மாமா தலையை நீட்டினார். "ஒண்ணு பாருன்னு சொல்றீங்க, இல்ல பார்க்காதன்னு சொல்றீங்க. இவன் கழுத்து என்னங்க ஆகறது?"

எழுத்துத் தேர்வுக்குத் தங்கதுரைக்கு விழுந்தது ஸ்ரீரங்கத்தில் வீதியோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்று. நானும் போய் வெளியே நின்றேன். தேர்வு பாதியில் இருக்கும்போது வீதி முனையில் மேளச் சத்தம் கேட்டது. உற்சவப் புறப்பாடு. நாகஸ்வரம், குடை, பின்னால் வேதம் ஓதும் கோஷ்டி, அதற்கும் பின்னால் கூட்டம். பக்கத்தில் நின்ற ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் கைகூப்பினார். அவருடைய பிள்ளையும் உள்ளே எழுதிக்கொண்டிருந்தான்.

"பரீட்சை நேரத்திலயா?" என்றேன்.

"பெருமாள் எழுந்தருள்றதுக்குப் பரீட்சை டைம் டேபிளா பார்த்துண்டிருப்பார்? உள்ள இருக்கற கொழந்தேளுக்கு அனுக்ரஹம்னு நெனச்சுக்கோங்கோ" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி இல்லை.

புறப்பாடு பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போக நேரம் எடுத்தது. நானும் கைகூப்பிக்கொண்டுதான் நின்றேன்.

தங்கதுரை கடைசியாக வெளியே வந்தான்.

"பார்த்தியா?"

"பார்த்தேன் சார். ஜன்னல் பக்கத்து சீட்டு."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு தடவதான். பெருமாள்னு தெரிஞ்சுது. நல்லாத்தான் இருந்தாரு. நமக்கு அங்க வேலையில்லன்னு குனிஞ்சுட்டேன்."

ஸ்ரீரங்கத்துக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முடிவு வந்தது. தங்கதுரை நூலிழையில்தான், ஆனால் தேறினான். ஓட்டமும் கயிறும் அவனுக்கு ஒரு பொருட்டாக இல்லை. அவனைத் தேறவைத்தது தன் மைனஸ் ஐந்துதான் என்று நிறுவனர் இன்றும் சொல்கிறார். இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு தொந்தரவுத் தேர்வு நடக்கவில்லை. பெயர்ப்பலகையில் தீப்பிழம்பு இருந்த இடத்தில் இப்போது ஒரு புத்தகம் இருக்கிறது.

பணி ஆணை கைக்கு வந்த அன்று தங்கதுரை மையத்துக்கு வந்தான். மாடிக்கு வருவதற்கு முன் பலகாரக் கடைக்குள் போனான். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் அடுப்பைத் தணித்துவிட்டு ஆணையை எண்ணெய்க் கை படாமல் விரல் நுனியில் பிடித்துப் பார்த்தார்.

"வேலைக்குச் சேர்ந்துட்டா, கூப்பிட்டா வருவீங்கல்ல?"

"வருவேன் மாஸ்டர்."

"எத்தன தடவ கூப்பிடணும்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கதுரை சிரிக்கவில்லை.

"ஒரு தடவ போதும் மாஸ்டர்" என்றான்.